அமம்பாய் மலையின் இனிப்பு இலை

நாற்றுப் பண்ணைகளில் சீனித்துளசி என்று விற்கிறார்களே, அந்த ஸ்டீவியாவுக்கும் துளசிக்கும் உறவில்லை. அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பிறந்த மண் பராகுவே நாட்டின் அமம்பாய் மலைப்பகுதி. அங்குள்ள குவாரானிப் பழங்குடியினர் கசப்பான மாத்தே பானத்தில் அதன் இலையைச் சேர்த்துக் குடித்துவந்தார்கள்.

பராகுவேயில் குடியேறிய சுவிஸ் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்டோனி 1887இல் இதைப் பற்றிக் கேள்விப்பட்டார். 1899இல் செடியை விவரித்து எழுதினார். 1905இல் ஸ்டீவியா ரெபௌடியானா என்ற பெயர் நிலைத்தது. இலையை ஆராய்ந்த வேதியியலாளர் ஒவிதியோ ரெபௌதிக்கு அதில் இடம் கிடைத்தது. இலையை அறிமுகப்படுத்திய மக்களுக்குக் கிடைக்கவில்லை. 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இலையின் இனிப்புப் பொருளான ஸ்டீவியோசைடைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரையைவிட அது ஏறக்குறைய 300 மடங்கு இனிப்பு.

பிறகு சந்தேகங்கள் கிளம்பின. இலைக் கஷாயம் பெண் எலிகளின் கருத்தரிப்பைக் குறைப்பதாக 1968இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்து வந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் அச்சம் எளிதில் போகவில்லை. 1970களிலேயே ஜப்பானியர்கள் ஊறுகாயிலும் பானங்களிலும் ஸ்டீவியாவைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவோ 1991இல் இறக்குமதியைத் தடுத்தது. 1995 முதல் உணவுத் துணைப்பொருளாக மட்டும் விற்க விட்டது.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். ஸ்டீவியாவின் இனிப்புப் பொருள்கள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை ஸ்டீவியோலாக உடைக்கின்றன. கல்லீரல் அதை மாற்றியமைக்க, சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை ஏறாததற்குக் காரணம் இதுதான். 2008இல் சர்வதேச நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோல் என்று அன்றாட உச்ச அளவை வகுத்தது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவும், 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும், 2015இல் இந்தியாவும் அதை உணவில் சேர்க்க வழிவிட்டன.

அமெரிக்கா ஏற்றது சுத்திகரித்த சாற்றை. முழு இலையை இனிப்பூட்டியாக இன்னும் ஏற்கவில்லை. கடையில் கிடைக்கும் பொடிகள் சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீரிழிவுக்காரர்கள் உறையைப் படித்தே வாங்க வேண்டும். உடல் எடையைக் குறைப்பதற்கென்று ஸ்டீவியா உள்ளிட்ட மாற்று இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததையும் மறக்கக் கூடாது.

இன்று ஸ்டீவியாவைப் பெருமளவில் விளைவிப்பது சீனா. குவாரானி மக்கள் இந்த வணிகத்தின் ஆதாயத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.