கார் நிறுத்தச் சலுகை யாருக்கு?

தேக்கா நிலையத்துக்கு ஞாயிறு காலையில் காரில் போகிறவர்களுக்குத் தெரியும், நல்ல மீன்கூடக் கிடைத்துவிடும், காரை நிறுத்த இடம் கிடைக்காது. இடம் குறைந்த ஊரில் அதற்குக் காசு கட்ட வேண்டும் என்பதைச் சிங்கப்பூரர்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உறுத்துவது வேறு. கட்டாமல் தப்புவது யார்?

இந்தக் கேள்வி பழையது. 1975 ஜூன் 2ஆம் தேதி வட்டார உரிமத் திட்டம் வந்தது. காலை உச்ச நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. மையத்தில் கார் நிறுத்தக் கட்டணமும் அந்த ஆண்டே உயர்ந்தது. ஆனால், ஓட்டுநரோடு நால்வர் இருந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை. விடுவார்களா நம்மவர்கள்? பேருந்துக்குக் காத்து நின்றவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள்! லாரிக்கும் மோட்டார்சைக்கிளுக்கும்கூட விலக்கு இருந்தது. 1989இல் இந்த மூன்று சலுகைகளும் நீக்கப்பட்டன.

வீட்டுக்குக் கீழே நிறுத்தும் காருக்கான கட்டணத்தை இங்கே நகர மன்றம் முடிவு செய்வதில்லை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முடிவு செய்கிறது. இங்கிலாந்தில் அது உள்ளூர் மன்றத்தின் வேலை. லண்டனின் பார்னெட் மன்றம் குடியிருப்பாளர் அனுமதிச் சீட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியது. வேறு செலவுகளுக்குப் பணம் திரட்ட இப்படி ஏற்றக்கூடாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது.

சிங்கப்பூரில் 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 டிசம்பரில் மாதக் கட்டணம் ஏறியது. திறந்தவெளி 65 வெள்ளியிலிருந்து 80 ஆனது, கூரையுள்ள இடம் 90லிருந்து 110 ஆனது. வேன் வைத்துப் பிழைப்பவருக்கு இது சுமைதான். காரே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரோ, "பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

பெரிய சலசலப்பு 2018இல் வந்தது. ஆகஸ்ட் முதல் பள்ளி ஆசிரியர்களும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஆண்டுக்குத் திறந்தவெளிக்கு 720 வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 960 வெள்ளி. உடனே மக்கள் கேட்டார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள்? தொகுதிப் பணிக்காக வீவக கார் நிறுத்துமிடங்களைப் பயன்படுத்த அவர்கள் செலுத்தியது ஆண்டுக்கு 365 வெள்ளி. நாளுக்கு ஒரு வெள்ளி!

உறுப்பினர் பல இடங்களில் சிறிது நேரமே நிறுத்துகிறார், ஆசிரியரோ ஒரே இடத்தில் நாள் முழுதும் நிறுத்துகிறார் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். கணக்கு தவறில்லை. ஆனால், வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லித்தரும் துணைப்பாட ஆசிரியரும் பல இடங்களில் சிறிது நேரமே நிறுத்துகிறார். அவர் ஒவ்வோர் இடத்திலும் அரை மணிக்கு 60 காசு கட்டிக்கொண்டிருந்தார்.