எலும்பு மஜ்ஜை செயலிழப்பு: குணமடையும் வாய்ப்பைத் தீர்மானிப்பவை எவை?

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களின் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும் நோய், 'ஏபிளாஸ்டிக் அனீமியா' எனப்படுகிறது. இந்நோயால் பாதிக்கப்பட்ட இருவருக்கு ஒரே விதமான முடிவு அமைவதில்லை. நோயின் தீவிரம், வயது, பொருத்தமான கொடையாளர், சிகிச்சை தொடங்கும் காலம் ஆகியவை குணமடையும் வாய்ப்பை மாற்றுகின்றன.

ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் வகை வெள்ளை அணுக்கள் 500-க்குக் கீழும், தட்டணுக்கள் 20,000-க்குக் கீழும் சரிந்து, மஜ்ஜையிலும் அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தால் அது தீவிர நிலை. நியூட்ரோஃபில் 200-க்கும் கீழ் சென்றால் மிகத் தீவிர நிலை. கிருமித் தொற்றும் ரத்தக்கசிவுமே அப்போது உயிருக்கு ஆபத்தாகின்றன.

நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, உடன்பிறந்தவரின் திசு வகை பொருந்தினால் மஜ்ஜை மாற்று சிகிச்சையே பொதுவாக முதல் தேர்வு. உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம் மட்டுமே. ஒற்றைக் குழந்தைக் குடும்பங்களுக்கு அந்த வழியே இல்லை. கொடையாளர் கிடைக்காதவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் மருந்துகள் தரப்படுகின்றன. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம்.

பல குடும்பங்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. நோயாளிக்கு ரத்தம் தேவை என்றதும் அண்ணனோ தங்கையோ கொடுக்க முன்வருவது இயல்பு. ஆனால், மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றுவது தவிர்க்கப்பட வேண்டும். அந்த ரத்தத்துக்கு எதிராக நோயாளியின் உடல் பழகிவிட்டால், பின்னர் அதே உறவினரின் மஜ்ஜையை நிராகரிக்கும் அபாயம் கூடுகிறது. மாற்று சிகிச்சைக்கு முன் ஏற்றப்பட்ட ரத்தத்தின் அளவு பெருகப் பெருகவும் இந்த அபாயம் உயர்கிறது. எனவே, மருத்துவமனைக்கு வருவதில் ஏற்படும் தாமதமே ஒரு பாதகக் காரணி.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கப்பட்டது. அங்கு இச்சிகிச்சை பெறுவோரில் தலசீமியா குழந்தைகளும் அடங்குவர். தலசீமியாவில் கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, உடலில் தேங்கும் இரும்புச்சத்தை அகற்றும் மருந்தை முறையாக உட்கொள்ளாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மாற்று சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு குறைகிறது. மூன்றில் கடைசியானது குடும்பத்தின் கையில் உள்ளது.

முதியோரை அதிகம் தாக்கும் 'மைலோடிஸ்பிளாஸ்டிக்' குறைபாட்டில், குரோமோசோம் மாற்றங்களே முக்கிய அளவுகோல். ஐந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதி மட்டும் இழக்கப்பட்டிருந்தால் நிலைமை ஓரளவு சாதகம். ஏழாம் குரோமோசோம் முழுவதும் இழக்கப்பட்டிருந்தால் பாதகம்.

சிகிச்சைச் செலவும் ஒரு தடையே. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுதவியுடன் செயல்படும் 'தலசீமியா பால் சேவா' திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாற்று சிகிச்சைக்காக ரூ.10 லட்சம் வரை வழங்கப்படுகிறது. ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளும் பின்னர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர்.