தெலுக் ஆயர்: கடல் விலகிப் போன கரை



சிங்கப்பூர் மாநகரின் வானளாவிய கட்டிடங்களுக்கு இடையே தெலுக் ஆயர் என்றொரு தெரு உண்டு. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் வளைகுடா. 'ஆயர்' என்றால் நீர். ஆனால் அத்தெருவில் இன்று நின்று பார்த்தால் ஒரு துளிக் கடல்நீரும் கண்ணில் படாது. பெயர் மட்டும் நிலைத்திருக்க, கடல் எங்கே போனது? நம் முன்னோர் சபர் சென்று இறங்கிய துறை அது என்பதால், அதன் வரலாற்றை நாம் அறிந்திருப்பது கடமையாகும்.

கரையின் அமைப்பு

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்திற்குத் தென்மேற்கே கடல் உள்வாங்கி வளைந்து கிடந்த இடமே தெலுக் ஆயர் வளைகுடா. பின்புறம் ஆன் சியாங், வாலிக் போன்ற குன்றுகள். தென்கோடியில் பால்மர் குன்று. குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய கரையோரப் பாதையே பிற்காலத்தில் தெருவாயிற்று.

1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கால் பதித்தது. 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களுக்கென ஆற்றோரமாக ஒரு குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. அவர்கள் வணிகம் செய்தனர். கப்பல்களிலிருந்து சரக்கிறக்கும் தோணிகளையும் செலுத்தினர்.

கரையில் எழுந்த இறையில்லங்கள்

வந்தவர்கள் தங்களுக்கு வீடு தேடிய காலத்திலேயே தொழுகைக்கும் இடம் தேடினர் என்பதை ஆண்டுகளே சொல்கின்றன. 1826இல் அன்சார் சாஹிப் அவர்களின் தலைமையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றியது. அடுத்த ஆண்டே தெலுக் ஆயர் கரையில் ஓலைக் குடிசையாக மற்றொரு பள்ளி எழுந்தது. தமிழர்கள் அதைக் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தனர். இன்று அல்-அப்ரார் பள்ளிவாசல் எனப்படுவது அதுவே. 1850களில் அது செங்கற் கட்டிடமாயிற்று.

அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு தர்கா கட்டப்பட்டது. மரத்தாலும் ஓலையாலும் கட்டக்கூடாது என்ற நிபந்தனையுடனேயே 1827இல் அந்நிலம் வழங்கப்பட்டிருந்தது. அருகிலேயே ஹொக்கியன் சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்திற்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில் 1842இல் நிறைவுற்றது. ஆபத்தான கடற்பயணத்தை முடித்துக் கரையேறியவர்கள், எச்சமயத்தவராயினும், முதலில் நன்றி செலுத்த நாடிய தெருவாக அது விளங்கியது.

கடல் விலகிய கதை

நகரம் பெருகவே நிலம் போதவில்லை. 1879இல் வளைகுடாவைத் தூர்க்கும் பெரும்பணி தொடங்கியது. வாலிக் குன்றை வெட்டி, அந்த மண்ணையே கடலில் கொட்டினர். புதிதாகக் கிடைத்த நிலத்தில் செசில் தெருவும் ராபின்சன் சாலையும் அமைந்தன. கடலோரச் சந்தையும் இடம் மாறிற்று. 1838இல் கோல்மன் எண்கோண வடிவில் கட்டிய சந்தையின் இடத்தைத் தூர்ப்புப் பணி எடுத்துக்கொள்ள, 1894இல் மெக்ரிட்சி என்ற பொறியாளர் அதே எண்கோண அமைப்பில் வார்ப்பிரும்பால் புதிய சந்தையைத் தூர்த்த நிலத்தில் எழுப்பினார். 'லாவ் பா சாட்' என்று இன்று அழைக்கப்படுவது அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலும் கடல் தூர்க்கப்பட்டது. ஷென்டன் சாலை அந்நிலத்தில் எழுந்ததே. 1970களில் தொடங்கிய தூர்ப்புப் பணிகளால் மரீனா வளைகுடா உருவாயிற்று. 2008இல் அதன் வாயில் மரீனா அணை திறக்கப்பட்டபின், உப்புக்கடலாய் இருந்த பகுதி நன்னீர்த் தேக்கமாக மாறிவிட்டது!

பால்மர் குன்றின் பெரும்பகுதியும் வெட்டப்பட்டது. ஆயினும் 1866இல் மறைந்த ஹபீப் நூஹ் அவர்களின் அடக்கத்தலம் அமைந்த மேடு மட்டும் இன்றும் நிற்கிறது.

நமக்கான படிப்பினை

கடல் போயிற்று, குன்று போயிற்று, ஆற்றில் தோணி செலுத்திய சூலியாக்களின் தொழிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறர் கைக்கு மாறிற்று. சூலியாக் குடியிருப்பின் பெயரைத் தாங்கி ஒரு தெரு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதுவும் இந்தியர்களுக்கு மனவருத்தம் தந்த பழைய பெயரை நீக்கி 1921இல் சூட்டப்பட்டதாகும்.

பள்ளிகள் மட்டும் எப்படி நிலைத்தன? குச்சுப் பள்ளியின் நிலம் 999 ஆண்டுக் குத்தகையாக அறங்காவலர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. 1910இல் ஐந்து அறங்காவலர்கள் நியமிக்கப்பட்டனர். குடிசைக்குள் தொழுதவர்கள் ஆவணத்தை மட்டும் குடிசையாக விடவில்லை. ஜாமிஆ சூலியா, அல்-அப்ரார், நாகூர் தர்கா ஆகிய மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.

ஒவ்வோர் ஆண்டும் நம் ஜமாஅத்தின் அறிக்கையில் வக்ஃபுச் சொத்துகளின் விவரம் இடம்பெறுவதை நம்மில் பலர் புரட்டிவிட்டுக் கடந்து போகிறோம். பத்திரம், எல்லை, வாடகை, வரி ரசீது ஆகியவை படிப்பதற்குச் சுவையற்றவைதாம். ஆனால் ஊரே உருமாறும் காலத்தில் ஒரு பள்ளியைத் தாங்கி நிற்பவை அவையே. மூத்தோரிடம் உள்ள பழைய பத்திரங்களையும் படங்களையும் நிர்வாகத்திடம் காட்டிப் பதிவு செய்து வைப்போம். நமக்குப் பின் வருவோர் நம் இடத்தைத் தேடும்போது, பெயரோடு பள்ளியும் இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.