ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொன்னேரி': தமிழ் ஃபைல் பெயர் கம்ப்யூட்டர் மாறினால் சிக்குவது ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் விண்டோஸ், டிசைனரிடம் பழைய மேக், சர்வரில் லினக்ஸ். மேக்கில் இருந்து ஏற்றிய 'பொன்னேரி' பில்லை, அதே பெயரை டைப் செய்து சாஃப்ட்வேரில் தேடினால் "ஃபைல் இல்லை" என்கிறது. கண் முன்னாடிதான் இருக்கிறது!

எல்லாம் அந்த 'பொ' செய்யும் வேலை.

யுனிகோடில் 'பொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. 'போ', 'பௌ' எழுத்துகளுக்கும் இதே கதைதான். சேர்த்து எழுதினால் பொன்னேரிக்கு 8 குறியீடுகள், பிரித்தால் 9.

மேக் பல வருஷம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் முறை, பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், இரண்டும் ஒரே பெயர் என்று புரிந்துகொள்கிறது. விண்டோஸும் லினக்ஸும் பொதுவாக அப்படி இல்லை. 8 வேறு, 9 வேறு. அதனால் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொன்னேரி' இருக்க முடியும். திருத்திய பில் எது, பழையது எது? பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழக அரசு 2010 ஜூனில் யுனிகோடை அதிகாரப்பூர்வ தரமாக அறிவித்தது. பாமினி போன்ற பழைய ஃபாண்ட் தொல்லை அதனால் குறைந்தது. இது யுனிகோடுக்கு உள்ளேயே இருக்கும் சிக்கல்.

நீளத்திலும் ஒரு வம்பு உண்டு. லினக்ஸில் ஃபைல் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'கும்மிடிப்பூண்டி'க்கு மட்டும் 48 பைட். ஐந்து முறை எழுதலாம், ஆறாவதுக்கு இடமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள் வரை விடும். அங்கே 15 முறை எழுதலாம். விண்டோஸில் வைத்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸில் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

புரோகிராம் எழுதுபவர்கள் இரண்டு பெயர்களை ஒப்பிடும் முன், இரண்டையும் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பைத்தானில் இதற்கு 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் பலர் சறுக்குவது அடுத்த படியில்: மாற்றிய பெயரை வைத்தே ஃபைலைத் திறக்கப் பார்க்கிறார்கள். லினக்ஸில் அது திறக்காது. டிஸ்க் கொடுத்த பெயரை அப்படியே தனியாக வைத்திருந்து, திறக்க அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

புரோகிராம் தெரியாதவர்கள் விண்டோஸில் ரீநேம் போய், பெயரை முழுசாக அழித்துவிட்டு புதிதாக டைப் செய்தால் பெரும்பாலும் போதும்.