மெல்லிசை மன்னர்களும் விருதுகளும்: 1952 முதல் 1965 வரை

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை இசையமைத்த படங்களில் குறைந்தது 3, நடுவண் அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படங்களாகத் தேர்வாயின: 1959ஆம் ஆண்டுக்குப் 'பாகப்பிரிவினை', 1962க்கு 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1964க்குக் 'கை கொடுத்த தெய்வம்'. ஆறே ஆண்டுகளில் மூன்று முறை. ஆனால் அந்தப் படங்களின் இசைக்காக இருவருக்கும் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. திரையிசை வரலாற்றில் இது அடிக்கடி குறையாகச் சொல்லப்படுகிறது. ஏன் இப்படி நேர்ந்தது என்பது ஒழுங்காக ஆராயப்படவில்லை.

2015 ஜூலை 14இல் எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் கட்டுரைகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றது. அதன்படி, தேசிய விருதும் பத்ம விருதும் அவரைச் சேராமல் போனதற்குத் தில்லியின் பாராமுகமே காரணம். தமிழ்ப் பாட்டு வடக்கின் காதில் விழவில்லை. இந்த வாசிப்பு ஆதங்கத்திலிருந்து பிறந்தது, ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

தேசியத் திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கியபோது அவை படங்களுக்கு மட்டுமே உரியவை. நடிகர், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோருக்குத் தனி விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தன. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இணை பிரிந்தது 1965இல். ஆகவே இணையின் வாழ்நாள் முழுவதிலும் அவர்களுக்குத் தரக்கூடிய தேசிய விருது என்று ஒன்று இருந்ததே இல்லை. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளும் 1967இல்தான் தோன்றின. இல்லாத விருதை மறுத்ததாக யார்மீதும் குற்றம் சாட்ட முடியாது.

பாராமுக வாதத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. இசையமைப்புக்கான முதல் தேசிய விருதே ஒரு தமிழ்ப் படத்துக்குத்தான் போனது: 'கந்தன் கருணை' படத்துக்காகக் கே.வி. மகாதேவன் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு, 1968க்கு, 'உயர்ந்த மனிதன்' படப் பாடலுக்காகப் பி. சுசீலா சிறந்த பின்னணிப் பாடகி ஆனார். மெட்டமைத்தவர் விஸ்வநாதன். 1975க்கு 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக வாணி ஜெயராம் அதே விருதைப் பெற்றார், அதற்கும் இசை விஸ்வநாதனே. தேர்வுக் குழுவினர் அவர் பாடல்களைக் கேட்டிருக்கிறார்கள், பாடியவர்களைப் பாராட்டியும் இருக்கிறார்கள். மெட்டமைத்தவரை ஏன் விட்டார்கள் என்ற கேள்வி நியாயமாக எழுகிறது. ஆனால் அது தனித்து இயங்கிய விஸ்வநாதனைப் பற்றிய கேள்வி, இணையைப் பற்றியதல்ல. அஞ்சலிக் கட்டுரைகள் இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்தக் கலப்பில் முதலில் காணாமல் போனவர் டி.கே. ராமமூர்த்தி.

இரட்டையர் என்பதும் தடையாக இருந்திருக்காது. 1968ஆம் ஆண்டுக்குரிய இசை விருதைச் 'சரஸ்வதிசந்திரா' இந்திப் படத்துக்காகக் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி சகோதரர்கள் பெற்றனர். அந்த விருது தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே ஓர் இணை அதை வென்றுவிட்டது. தமிழ் இணை மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்லச் சான்றில்லை. எனினும் 1961 முதல் 1965 வரை அவர்கள் தந்த 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' வரிசையைப் பார்க்கும்போது, அந்த வேகத்தில் 1967ஐ எட்டியிருந்த ஓர் இணையை எந்தக் குழுவும் எளிதில் தாண்டிப் போயிருக்க முடியாது.

இந்தித் திரையுலகில் நிலை வேறு. ஃபிலிம்ஃபேர் இதழ் 1954 முதலே இசையமைப்பாளர்களுக்கு விருது தந்தது. 'பைஜு பாவ்ரா'வுக்காக நௌஷாத் முதலாவதாகப் பெற்றார். ஷங்கர்–ஜெய்கிஷன் இணை அதை 9 முறை வென்றது, 1968இல் பத்மஸ்ரீயும் பெற்றது. தென்னக மொழிகளுக்கு ஃபிலிம்ஃபேர் வந்தது 1960களில், அப்போதும் தொடக்கத்தில் சிறந்த படத்துக்கு மட்டுமே. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இரட்டைப் பெயரில் இசையமைக்கத் துணிந்ததே ஷங்கர்–ஜெய்கிஷன் முன்மாதிரியால்தான் என்று சொல்லப்படுவதுண்டு. அப்படியானால் முன்மாதிரிக்குக் கிடைத்த மேடை, அதைப் பின்பற்றியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியைத் துல்லியமாகக் காட்டும் சான்று ஒன்று உண்டு. 'பாகப்பிரிவினை' 1965இல் 'கான்தான்' என்று இந்தியில் மறுஆக்கம் ஆனது. இயக்கியவர் அதே ஏ. பீம்சிங், சிவாஜி கணேசன் ஏற்ற வேடத்தில் சுனில் தத். இசையமைத்த ரவிக்கு அப்படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ரவியின் மெட்டுகள் அவருடையவை, அவர் உழைப்பில் குறை காண இடமில்லை. ஆனால் ஒப்பீடு தவிர்க்க முடியாதது: ஒரே கதை, ஒரே இயக்குநர். தமிழில் படத்துக்கு மட்டும் பதக்கம், இந்தியில் இசைக்கும் சிலை. தரத்தில் வேற்றுமை இருந்ததாக வாதிடலாம்; அளவிடும் கோலே ஒரு மொழிக்கு இருந்து மற்றொன்றுக்கு இல்லாதபோது அந்த வாதம் நிற்காது. பாராமுகம் என்று ஒன்று இருந்தது என்றால் அது தனி மனிதர்மீதல்ல, ஒரு மொழியின் திரையுலகுக்கு விருதுப் பிரிவுகளையே வகுக்காமல் விட்டதில் இருந்தது.

விருது இல்லாத காலத்தில் அங்கீகாரத்துக்கு வேறு வழிகள் இருந்தன. முதலாவது இலங்கை வானொலி. செய்தி ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டை விலக்கினார். 'விவித் பாரதி' 1957 அக்டோபர் 3இல் தொடங்கும் வரை இந்தியத் திரைப்பாட்டின் வானொலி வீடு கொழும்புதான். இணையின் முதல் ஐந்தாண்டுகள் இந்த இடைவெளியோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகின்றன. எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலோடு பாடல்கள் பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் போயின. மாத்தளை, கண்டி, நுவரெலியாத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கும் தஞ்சை, ராமநாதபுரம் ஊர்களுக்கும் ஒரே ஒலிபரப்பு. நேயர் விருப்பத்தில் ஒரு பாடல் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது அன்று ஓர் இசையமைப்பாளருக்குக் கிடைத்த மிக நேரடியான மதிப்பெண். அது எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை என்பதால் மட்டும் அதைக் குறைத்து எடைபோடக் கூடாது.

இரண்டாவது வழி பட்டம். 1963இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை வழங்கினார். கர்நாடக இசை மேடையில் சபாக்கள் வித்துவான்களுக்குப் பட்டம் சூட்டும் மரபு பழையது. அதே மரபு, திரைப்பாட்டைத் தாழ்வாகக் கருதிய காலத்தில், திரையிசைக்காரர் இருவருக்கு நீண்டது. போட்டியும் பரிந்துரைப் பட்டியலும் இல்லாத இந்தப் பட்டமே அன்றைய தமிழ்த் திரையிசையின் உண்மையான விருது. பிரிந்த பிறகு இருவரும் தனித்தனியே 'மெல்லிசை மன்னர்' என்றே குறிக்கப்பட்டனர். இணைக்குத் தந்த பட்டத்தைப் பிரிவுக்குப் பின்னும் இருவரிடமிருந்தும் யாரும் பறிக்கவில்லை.

இணையின் தொடக்க ஆண்டு மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' (1952) அவர்கள் பெயரோடு வந்த முதல் படமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இருவரும் பணியாற்றிய சி.ஆர். சுப்பராமன் அதே ஆண்டில் இறந்தார்; அவர் முடிக்காமல் விட்ட 'தேவதாஸ்', 'சண்டிராணி', 'மருமகள்' ஆகியவற்றின் எஞ்சிய இசைப் பணியை இவர்களே செய்தனர். அப்படங்கள் 1953இல் வெளிவந்தன, பணி முன்பே தொடங்கியிருக்கலாம். வெளியீட்டு நாளை வைத்தால் 'பணம்' முந்தியது. பணி நாளை வைத்தால் வரிசை மாறக்கூடும். பெயர் வரிசையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. ராமமூர்த்தி 6 வயது மூத்தவர், சுப்பராமன் குழுவின் வயலின் கலைஞர். விஸ்வநாதன் பெயர் முன்னால் வந்தது என்.எஸ். கிருஷ்ணனின் முடிவு என்பது பரவலான செய்தி. இது வாய்மொழிச் செய்தியே.

1965க்குப் பிறகு ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'நான்' உள்ளிட்ட 20க்கும் குறைவான படங்களுக்கே இசையமைத்தார். விஸ்வநாதனோ நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார், 1970இல் அரசு ஏற்ற தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் மெட்டமைத்தார். இருவரும் 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் சேர்ந்தனர். இணைக்கே உரிய அடுத்த பெரிய அங்கீகாரம் 2012 ஆகஸ்டில் வந்தது. சென்னையில் ஜெயா டிவி நடத்திய விழாவில் முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டமும் பொற்காசுகளும் காரும் வழங்கினார். அப்போது ராமமூர்த்திக்கு வயது 90, விஸ்வநாதனுக்கு 84. 2013 ஏப்ரல் 17இல் ராமமூர்த்தி மறைந்தார்.