புளூக் காய்ச்சலும் கருவுற்ற தாயும்



ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூர் வழியாக ஏறினாலும் ஆலங்காயம் வழியாக ஏறினாலும் ஜமுனாமரத்தூரை அடையலாம். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விளைத்து வாழ்ந்து வருகின்றனர். அம்மலைப் பெண்டிரிடையே அண்மைக் காலத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளையைத் தாங்கியிருக்கும்போது புளூக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா, ஆகாதா என்பதே அது. கேள்வி மலைக்குப் புதிது; ஆனால் அதற்குப் பின்னே நூறாண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. மருத்துவம் கற்றவனல்லன் யான், சரித்திரம் கற்பித்தவன். ஆதலின் அவ்வரலாற்றைச் சொல்வதே எனக்குத் தகும்.

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இன்புளூயன்சா என்னும் விஷக் காய்ச்சல் நம் நாட்டிற்குள் புகுந்தது. முதலில் அது அவ்வளவு கொடியதாகத் தோன்றவில்லை. செப்டெம்பரில் மீண்டும் எழுந்தபோதுதான் அதன் கொடுமை தெரிந்தது. இந்தியாவில் மட்டும் மாண்டவர் தொகை 1 கோடியே 20 இலட்சத்துக்குக் குறையாது என்பர். 2 கோடியை எட்டும் என்பாரும் உளர். பொதுவாக இத்தகைய காய்ச்சல் முதியோரையும் குழவிகளையுமே கொண்டுபோகும். இதுவோ 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமானவர்களைத் தேடித் தேடி வீழ்த்தியது. அதிலும் நம் நாட்டில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக மாண்டனர். நோயாளிக்கு அருகிலிருந்து பணிவிடை செய்தவர் யார், அடுக்களையில் எஞ்சியதைக் கடைசியில் உண்டவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

அப்பெண்டிருள் சூலுற்றிருந்தவர் எத்தனை பேர்? கிராமப் பதிவேடுகளில் இச்சாவுகள் பெரும்பாலும் 'சுரம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போயின. ஆனால் அமெரிக்காவில் ஹாரிஸ் என்னும் மருத்துவர் கருவுற்றிருந்தபோது இந்நோய் கண்ட 1,350 பெண்களைப் பற்றிய செய்திகளை மற்ற மருத்துவர்களிடம் கேட்டுத் திரட்டி 1919-இல் வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் நுரையீரலைப் பற்றி நிமோனியாவாக முற்றியது. அவ்வாறு முற்றியவர்களுள் பாதிப்பேர் மாண்டனர். அதாவது, நோயுற்ற கருவுற்ற பெண்கள் நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். பிழைத்தவர்களுள்ளும் பலர் கருவை இழந்தனர்.

இதன் காரணத்தைப் பிற்காலத்து மருத்துவர் விளக்கியிருக்கின்றனர். கரு வளர வளரக் கருப்பை மேலெழுந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இருதயமோ இரண்டு உயிர்களுக்காக உழைக்கிறது. உள்ளே வளரும் சிசுவை அந்நியமென்று விலக்கிவிடாதபடி தாயுடம்பு தன் எதிர்ப்பாற்றலின் போக்கையும் ஓரளவு மாற்றிக்கொள்கிறது. மற்றவர்க்கு மூன்று நாள் படுக்கையோடு போகும் காய்ச்சல், இந்நிலையில் மூச்சுத் திணறலாக முற்ற இடமுண்டாகிறது.

1918-இல் இதற்குத் தடுப்பு ஏதும் இருந்ததா? நோயின் காரணமே அப்போது விளங்கவில்லை. ஒருவகைப் பாக்டீரியாவே காரணமென்று கருதி அதற்கான ஊசிகளைச் செய்து பார்த்தனர். இன்புளூயன்சாவை அவை தடுக்கவில்லை. வைரஸ் என்னும் நுண்கிருமியே காரணம் என்பதை 1933-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் மெய்ப்பித்தனர். அக்கிருமியைக் கருவுள்ள கோழிமுட்டையில் வளர்த்து, அதனைச் செயலிழக்கச் செய்து ஆக்கிய தடுப்பூசி 1945-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆகவே, 1918-இல் கருவுற்றிருந்த நம் பாட்டிமாருக்கு ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாவா என்ற தயக்கமே எழவில்லை. தயங்குவதற்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டுமன்றோ?

அடுத்த பெரும் பரவல் நம் வாயிற்படியிலேயே வந்து நின்றது. சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று கடலில் உலாவி வந்த ராஜுலா என்னும் கப்பலை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். மலேயாவிற்குப் பிழைக்கச் சென்ற தமிழரை ஏற்றிச் சென்றதும், ஊர் திரும்பியவரை இறக்கிவிட்டதும் அக்கப்பலே. 1957-ஆம் ஆண்டு மே மாதம் அது சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்தபோது, பயணிகளோடு ஆசியப் புளூவும் வந்திறங்கியது. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் நம் நாட்டின் இன்புளூயன்சா ஆய்வு மையம் இயங்கி வந்தது. அம்மையத்தைச் சார்ந்த டாக்டர் ஐ. ஜி. கே. மேனன் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரையின்படி, 1958 பிப்ரவரி வரையில் இந்தியாவில் நோயுற்றோராகப் பதிவானவர் 44 இலட்சத்துக்கு மேற்பட்டவர். இறந்தோராகப் பதிவானவர் ஏறத்தாழ 1,100 பேர். 1918-உடன் ஒப்பிட்டால் இஃது எளிய நோய்தான். ஆனால் அதே பரவலின்போது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பிள்ளை பெறும் வயதில் இந்நோயால் இறந்த பெண்களை எண்ணிப் பார்த்தனர். அவர்களுள் பாதிப்பேர் கருவுற்றிருந்தவர்கள்! 1960-இல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர், முதியோருக்கும் நாட்பட்ட நோயுடையோருக்கும் மட்டுமன்றிக் கருவுற்றோருக்கும் புளூத் தடுப்பூசி வேண்டுமென்று அறிவுறுத்தினார்.

அத்துடன் விவகாரம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. வரலாறு சில வேளைகளில் ஒரே ஆண்டில் இரண்டு பாடங்களை நடத்துகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அந்த 1957-ஆம் ஆண்டிலேதான் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் மருந்து கடைகளுக்கு வந்தது. நல்ல உறக்கம் தரும், கருவுற்றோரின் மசக்கை வாந்தியைத் தணிக்கும் என்று சொல்லி விற்றனர். அதனை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால்கள் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் அங்கே அம்மருந்தைத் திரும்பப் பெறுவதற்குள், பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர்.

அந்தப் பேரிடருக்குப்பின் கருவுற்ற பெண்ணுக்கு எதனையும் கொடுக்க மருத்துவ உலகம் அஞ்சியது. அஞ்சியது நியாயமே. புதிய மருந்துகளின் சோதனைகளில் கருவுற்றோரைச் சேர்ப்பதைத் தவிர்த்தனர். ஆனால் சேர்க்காவிட்டால் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் துணிவு பிறக்காது. 1960-இல் சொன்ன அறிவுரை பல்லாண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆகவே, இன்று ஜவ்வாது மலையில் ஒரு மாமியார், "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வேண்டாத ஊசி எதற்கு?" என்று கேட்டால் அவரை அறியாமையுடையவர் என்று சொல்ல என் நா எழவில்லை. மெத்தப் படித்த ஐரோப்பாவே பட்டுத் தெளிந்த அச்சம் அது.

ஆயினும் அம்மலையே அவ்வச்சத்துக்கு மறுமொழியும் வைத்திருக்கிறது. முற்காலத்தில் பிறந்த குழந்தை ஒரு வாரத்துக்குள் பால்குடிக்க வாய் திறவாமல், உடல் வில்லாய் வளைந்து மாண்டுபோவதுண்டு. அது ரணஜன்னி, தொப்புள்கொடியை அறுத்த கருவியிலிருந்தோ, அதன்மேல் வைத்த பொருளிலிருந்தோ தொற்றுவது. அதனைத் தடுக்கத் தாய்க்கே ஊசி போட்டனர். தாயின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைந்து காத்தது. மலைக் கிராமங்களில் அவ்வூசியைப் போட்டுக்கொள்ளாத இளந்தாய்மாரைக் காண்பது இன்று அரிது. தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்த ரணஜன்னியை ஒழித்த நாடு என்ற சான்றினை இந்தியா 2015-இல் பெற்றது. தாய்க்கு இடும் ஊசி பிள்ளையைக் காக்கும் என்பதற்கு இதனினும் அருகிலுள்ள உதாரணம் வேண்டுமோ?

புளூத் தடுப்பூசியும் அவ்வாறே செய்யுமா என்பதை நம் அண்டை நாடுகளில் சோதித்தனர். வங்காள தேசத்தின் டாக்காவில் 2004-இல் தொடங்கிய ஆய்வில் 340 தாய்மார் பங்கு கொண்டனர். ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் புளூ கண்டது 63 விழுக்காடு குறைந்தது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நேரே இவ்வூசி போடுவதில்லை. ஆதலின் தாய் தருவதுதான் அதற்குக் காப்பு. பின்னர் நேபாளத்தில் 3,693 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்விலோ அப்பயன் 30 விழுக்காடாகவே இருந்தது; எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பது மட்டும் அங்கே 15 விழுக்காடு குறைந்தது. முதல் எண்ணை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பவர் நல்லாசிரியர் ஆகார். இது பாதிக் கவசமே, முழுக் கவசமன்று.

2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகைச் சுற்றியபோது பழைய கணக்கு மீண்டும் மெய்யாயிற்று. அமெரிக்க மக்களுள் கருவுற்றோர் நூற்றுக்கு ஒருவர். அந்நோயால் மாண்டோருள்ளோ நூற்றுக்கு ஐவர். 2012-இல் உலக சுகாதார நிறுவனம், புளூத் தடுப்பூசி இடும் நாடுகள் கருவுற்றோருக்கே முதலிடம் தரவேண்டும் என்று கூறியது. நம் நாட்டில் 2015-இல் மகாராட்டிர அரசு இதனைக் கருவுற்றோருக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிற்று.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, ஐந்தாம் மாதத்தில், சந்தையில் என்னைக் கண்டு, "ஐயா, போட்டுக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று வினவினாள். போட்டுக்கொள் என்று ஆணையிடும் உரிமை எனக்கில்லை. மேலே சொன்ன கதைகளைத்தான் அவளுக்கும் சொன்னேன், தாலிடோமைட்டையும் விடாமல். தாலிடோமைட்டைப் போதிய சோதனையின்றி விற்றார்கள்; இவ்வூசியில் இருப்பதோ செயலிழந்த கிருமி, பல்லாண்டுகளாகப் பல இலட்சம் தாய்மார் போட்டுக்கொண்டது என்ற வேறுபாட்டையும் சொன்னேன். என் மகளாயிருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்வேன் என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த முறை செவிலியர் ஊருக்கு வரும்போது மாமியாரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்பதாகச் சொல்லிச் சென்றாள். அது நல்ல யோசனை. பெண்ணிடம் மட்டும் பேசிவிட்டுப் போனால், மலைவீட்டில் முடிவு அரைகுறையாகவே நிற்கும்.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு செய்தி. வட இந்தியாவின் பல பகுதிகளில் புளூ ஆடி, ஆவணி மழையோடு மிகும். சென்னையிலும் வேலூரிலும் அது அக்டோபர், நவம்பர் மாதங்களில், வடகிழக்குப் பருவமழையோடு ஓங்குவதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். மலையில் அது சாமை அறுவடையின் காலம். மழையில் பாதைகள் வழுக்கும் காலமும் அதுவே. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் ஊற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால் சென்ற கருப்பத்தில் போட்டது இந்தக் கருப்பத்துக்கு உதவாது. மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஆதலின் அது கிடைக்குமா என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு மலையிறங்குவது நலம். மூக்கில் பீய்ச்சும் உயிர்க்கிருமி மருந்து கருவுற்றோருக்கு ஆகாது, ஊசிதான் உரியது. போட்டுக்கொண்டவராயினும் போடாதவராயினும், கருவுற்றிருக்கையில் காய்ச்சலும் இருமலும் கண்டால் கஷாயத்தோடு நாளைப் போக்காமல் மருத்துவரிடம் விரைய வேண்டும். இந்நோய்க்கென்றுள்ள மாத்திரை முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும். ஜமுனாமரத்தூருக்கு வரும் பேருந்தைப் பிடிக்கவே அதில் ஒரு நாள் கழிந்துவிடும் ஊர்கள் அம்மலையில் உள்ளன.