டிஎன்எஸ் கேஷை அழித்தல்

ஓர் இணையதளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கணினி ஒருமுறை கேட்டறிந்தால், அந்த விடையைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்தச் சேமிப்புக்கு டிஎன்எஸ் கேஷ் என்று பெயர். தளம் வேறு சர்வருக்கு மாறிய பிறகும் கணினி பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால், கட்டளை கொடுத்து இதை அழிக்கலாம்.

பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் முறையில் கேஷ் தொடக்கம் முதலே உண்டு. ஒவ்வொரு விடையோடும் அதை எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்ற கெடுவும் வரும், இதுதான் டிடிஎல். 300 என்றால் ஐந்து நிமிடம், 86400 என்றால் ஒரு நாள். கெடு தீர்ந்ததும் விடை தானே காலாவதியாகிவிடும். ஆகவே கேஷை அழிப்பது, காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது மட்டுமே. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற விடையும் சேமிக்கப்படும். புதிய டொமைனை அவசரப்பட்டுத் திறந்து பார்த்தவருக்கு, அது இயங்கத் தொடங்கிய பின்னும் சற்று நேரம் கிடைக்காமல் போவது இதனால்தான்.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ என்று சேர்த்தால் போதும். சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை இயங்கும் லினக்ஸில் ‘ரிசால்வ்சிடிஎல்’ கட்டளை உதவும். கேஷ் சேவை எதுவும் இயங்காத லினக்ஸ் கணினியில் அழிக்க எதுவுமே இருக்காது. மேக்கில் ‘எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்’ என்ற சேவைக்கு ‘கில்ஆல்’ வழியாக ஹப் சமிக்ஞை அனுப்ப வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. 2014இல் வந்த யோசெமிட்டி பதிப்பில் ஆப்பிள் இந்தச் சேவையை நீக்கி வேறொன்றை வைத்தது. மறு ஆண்டே பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த இடைக்காலக் கட்டளைகள் இன்றைய மேக்கில் வேலை செய்யாது.

எல்லாக் கோளாறுக்கும் கேஷை அழிப்பதையே மருந்தாகச் சொல்வது தவறு. க்ரோம் போன்ற உலாவிகள் தனியே ஒரு கேஷ் வைத்திருக்கின்றன. இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரில் உள்ள பழைய விடையை நம் கட்டளை தொடவே தொடாது. எனவே முதலில் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளை கொண்டு சோதிப்பது நல்லது. விண்டோஸில் அது கணினியின் கேஷைப் பார்க்காமல் நேரே சர்வரையே கேட்கும். புதிய முகவரி வந்தால் சிக்கல் பெரும்பாலும் நம் கணினியில்தான். கேஷை அழித்துப் பார்க்கலாம். பழைய முகவரியே வந்தால் டிடிஎல் தீரும்வரை பொறுத்திருக்கலாம், அல்லது வேறு டிஎன்எஸ் சர்வருக்கு மாறலாம்.